புழுவின் தோலை அறியாமல் தொட்டி கட்டாதீர்கள்

சித்திரை பிறந்துவிட்டால் போதும், எனக்கு அழைப்புகள் வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, வாங்கிவிட்ட புழு பூராவும் செத்துப்போச்சுங்க. என்ன பண்றது?" மண்புழு உரம் தொடங்கும் தம்பிகள் பலரும், நாங்கள் தொடங்கிய காலத்தில் எந்தப் பள்ளத்தில் விழுந்தோமோ அதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். நிழலில் வையுங்கள், எறும்பு ஏறாமல் பாருங்கள், பிளாஸ்டிக்கைப் பொறுக்கி எடுங்கள் என்பதை எல்லாப் பயிற்சிகளிலும் சொல்கிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். புழுவின் உடம்பு எப்படி இயங்குகிறது என்று தெரியாததால் வரும் தவறுகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, செவுளும் கிடையாது. தோலால்தான் அது மூச்சு விடுகிறது. தோலின் மேல் எப்போதும் ஓர் ஈரப் படலம் இருக்கும். ஆக்சிஜன் அந்த ஈரத்தில் கரைந்து, தோலுக்கு அடியிலேயே ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குள் போகிறது. நமக்கு ஹீமோகுளோபின் சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. மண்புழுவுக்கு அது ரத்தத்தின் திரவப் பகுதியிலேயே கரைந்திருக்கிறது. நம்மூர் வயல்களில் கிடைக்கும் லாம்பிட்டோ மாரிட்டி புழுவை எடுத்துக்கொண்டால், 6ஆம் கண்டம் (புழுவின் உடம்பிலுள்ள ஒவ்வொரு வளையமும் ஒரு கண்டம்) முதல் 13ஆம் கண்டம் வரை எட்டு இணை இதயங்கள் அந்த ரத்தத்தைத் தள்ளுகின்றன. தோல் காய்ந்துபோனால் இத்தனை ஏற்பாடும் வீண். தோலைச் சுற்றிக் காற்று இல்லாமல் போனாலும் வீண். ஆக்சிஜனை உள்ளே விடும் அந்தத் தோல் அமோனியாவையும் உள்ளே விடும் என்பதை மறக்காதீர்கள்.

பச்சைச் சாணத்தில் புழுவை விடுவது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. இன்றும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்.

உடுமலைப் பக்கம் ஒரு தம்பி செங்கல் தொட்டி கட்டினார். நல்ல தொட்டி, மேலே தென்னங்கீற்றுக் கொட்டகை, சுற்றிலும் எறும்புக்குத் தண்ணீர் வாய்க்கால். ஒரு குறையும் சொல்ல முடியாது. பக்கத்துப் பால் பண்ணையிலிருந்து அன்று காலை அள்ளிய சாணத்தை இரண்டடி உயரத்துக்கு நிரப்பி, தண்ணீர் தெளித்து, சாயங்காலமே பத்து கிலோ புழுவைக் கொட்டிவிட்டார். மறுநாள் விடியும்போது பாதிப் புழு சுவரில் ஏறி நின்றது. தொட்டிக்குப் புதுசு, பழகிவிடும் என்று அவர் நினைத்தார். சுவரில் இருந்ததை வழித்து மறுபடி உள்ளே போட்டார். மூன்றாம் நாள் நான் போய்க் கிளறியபோது, மிச்சமிருந்த புழுக்களின் உடம்பு மணிமாலை போல அங்கங்கே வீங்கியும் இடையில் நெறிபட்டும் கிடந்தது. வீச்சம் தாங்க முடியவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. விற்றவர் சீக்குப் புழுவைக் கொடுத்துவிட்டார் என்று முடிவு கட்டி, வேறு இடத்தில் மறுபடி புழு வாங்கி, அதே வாரத்தில் அதே தொட்டியில் விட்டார். அதுவும் போனது. புழுவின் மேல் ஒரு குற்றமும் இல்லை. தப்பித்து ஓடப் பார்த்த உயிரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போட்டதுதான் நடந்தது.

அந்தச் சாணத்துக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பச்சைச் சாணத்தைக் குவித்தால் நுண்ணுயிர்கள் பெருகி, குவியலின் நடுப்பகுதி 50, 60 டிகிரி வரை சூடேறும். தொட்டிப் புழுக்களுக்கு 35 டிகிரியைத் தாண்டினாலே ஆபத்து. மண்புழு தன் உடம்புச் சூட்டைத் தானே கட்டுப்படுத்தாது; வெளியே என்ன சூடோ அதுதான் அதன் உடம்பிலும். சூடு ஏற ஏற உடம்புக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும். ஆனால் தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். தோலின் ஈரத்தை மட்டுமே நம்பியிருக்கும் புழு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. இது போதாதென்று, பச்சைச் சாணத்திலிருந்து கிளம்பும் அமோனியா வேறு. மண்புழு தன் உடம்பின் கழிவிலும் ஒரு பகுதியை அமோனியாவாகத்தான் வெளியேற்றுகிறது. வெளியிலேயே அமோனியா நிறைந்திருந்தால் உள்ளே இருப்பது எங்கே போகும்? போகாதது மட்டுமில்லை, வெளியில் இருப்பதும் தோல் வழியே ஏறும்.

பலர் ஏமாறுவது மேற்பரப்பைத் தொட்டுப் பார்த்துத்தான். மேலே சில்லென்று இருக்கும், ஒரு சாண் ஆழத்தில் கொதிக்கும். தண்ணீர் ஊற்றி ஆற்றிவிடலாம் என்பதும் தவறு. ஊற்றிய தண்ணீர் இடுக்குகளில் இருந்த காற்றை வெளியே தள்ளிவிடும்; ஒரு நாள் ஆறியது மாதிரி இருந்து மறுபடி சூடேறும்.

சாணத்தை நிழலில் பரப்பி, லேசாக நீர் தெளித்து, நான்கைந்து நாளுக்கு ஒரு முறை புரட்டிப் போட்டு, 15 முதல் 20 நாள் வரை ஆறவிடுங்கள். முழங்கை வரை கையை உள்ளே விட்டால் சூடு தெரியக் கூடாது. மூக்கைக் குத்தும் நெடி இருக்கக் கூடாது. அதன் பிறகும் எல்லாப் புழுவையும் கொட்டாதீர்கள். ஒரு பழைய பேசினில் அந்தச் சாணத்தைப் போட்டு இருபது புழுவை மட்டும் விட்டு, ஓர் இரவு பாருங்கள். உள்ளே இறங்கித் தங்கிவிட்டால் தொட்டியை நிரப்பலாம். ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நின்றால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். புழு சுவர் ஏறினால் பழக்கமில்லாமல் ஏறுகிறது என்று எண்ணாதீர்கள். அதன் தோலுக்கு அங்கே இருக்க முடியவில்லை.

தண்ணீர்

மழை பெய்தால் புழு மூழ்கிச் செத்துவிடும் என்று பயப்படுகிறார்கள். காற்று கலந்த நல்ல நீரில் மண்புழு பல நாள் உயிரோடு இருக்கும். தொட்டியில் தேங்கும் நீர் வேறு மாதிரி. அதிலுள்ள ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடுகின்றன, தோலுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஒரு பிடி எரு எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் நீர் தெளிப்பதை நிறுத்திவிட்டு, அடியில் வடிகால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

உப்புத் தண்ணீர் வரும் போர்வெல்லை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

முழு மட்டையும் முழு இலையும்

மண்புழுவுக்குப் பல் இல்லை. தொண்டையால் உறிஞ்சி விழுங்கியதை அரைவைப்பைதான் அரைக்கிறது. லாம்பிட்டோவில் அது 6ஆம் கண்டத்தில் இருக்கிறது. தடித்த தசை, உள்ளே விழுங்கிய மணல் துகள், இவை இரண்டும் சேர்ந்துதான் அரைவை. காய்ந்த வாழை மட்டையை அப்படியே போட்டுவிட்டு 'புழு தின்ன மாட்டேங்குது' என்றால் அது எப்படித் தின்னும்? நறுக்கி, சாணக் கரைசலில் நனைத்து, கையில் பிய்யும் அளவுக்கு மட்கவிட்டுப் போடுங்கள். இலையின் மேல் வளர்ந்த பூஞ்சையும் பாக்டீரியாவும்கூட அதற்கு உணவுதான். வெறும் சாணமும் நார்க்கழிவும் உள்ள தொட்டியில் இரண்டு பிடி சலித்த மணல் தூவுங்கள்.

எந்தப் புழு?

வயலில் தோண்டிய புழுவை வெறும் சாணத்தில் போடுகிறார்கள். தொட்டிகளில் பரவலாக வளர்க்கும் யூட்ரிலஸ் யூஜினியே, ஐசீனியா ஃபெட்டிடா, நம் நாட்டுப் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் ஆகிய மூன்றும் மேல்மட்டத்தில் மட்கும் பொருளைத் தின்று வாழ்பவை. லாம்பிட்டோ மண்ணில் வளை தோண்டி வாழ்வது. அதற்கு அடியில் மண் வேண்டும். சென்னை புதுக் கல்லூரியில் பணியாற்றிய மண் உயிரியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில் பெரியோனிக்ஸையும் லாம்பிட்டோவையும் சேர்த்து வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். அவருடைய புழுப் படுக்கையில் ஜல்லி, மணல், அதற்கு மேல் மண் என்று அடுக்கு இருப்பது இதனால்தான். உள்ளூர்ப் புழுவை வைத்துச் செய்வது எனக்கும் பிடித்தமானது. ஆனால் அந்த மண் அடுக்கை விட்டுவிட்டுச் செய்யாதீர்கள்.

மோட்டார் கொட்டகைக்கு அருகில்

வேண்டாம். மண்புழுவுக்குக் காது இல்லை, ஆனால் அதிர்வு நன்றாகத் தெரியும். சார்லஸ் டார்வின் புழுத் தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து இதைச் சோதித்து, 1881இல் எழுதியிருக்கிறார்.

வெட்டுப்பட்ட புழு இரண்டு புழு ஆகாது

மண்வெட்டியைத் தொட்டிக்குள் கொண்டுபோகாதீர்கள்.

சல்லடையில் போய்விடும் முட்டைக்கூடுகள்

முதல் அறுவடை அமோகமாக வந்து, இரண்டாவதில் தொட்டி படுத்துவிடுவதைப் பலர் வந்து சொல்கிறார்கள். பருவம் வந்த புழுவின் முன்பகுதியில் தடித்த பட்டை ஒன்று தெரியும். லாம்பிட்டோவில் 14 முதல் 17ஆம் கண்டம் வரை. அதற்குக் கிளைடெல்லம் என்று பெயர். ஒவ்வொரு புழுவிலும் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உண்டு என்றாலும், இரண்டு புழுக்கள் சேர்ந்து விந்தணுவை மாற்றிக்கொண்டுதான் இனம் பெருக்குகின்றன. பிறகு கிளைடெல்லம் சுரக்கும் வளையம் தலை வழியாகக் கழன்று, இரு முனையும் மூடி, முட்டைக்கூடு ஆகிறது. சில மில்லிமீட்டர்தான் இருக்கும். பெரிய புழுவை எல்லாம் பொறுக்கிவிட்டோம் என்று நினைத்துச் சலித்து மூட்டை கட்டும்போது, அடுத்த தலைமுறை முழுவதும் உரத்தோடு வெளியே போய்விடுகிறது.

சலித்த உரத்தை உடனே விற்காதீர்கள். ஈரச் சாக்கு மூடி நிழலில் மூன்று வாரம் வையுங்கள். அதற்குள் பெரும்பாலான கூடுகள் பொரிந்துவிடும். ஆறிய சாணத்தை உருண்டை பிடித்து நாலைந்து இடங்களில் புதைத்து வையுங்கள். நூல் தடிமனில் இருக்கும் குஞ்சுப் புழுக்கள் அதைத் தேடி வந்து சேரும். இரண்டு மூன்று நாள் கழித்து உருண்டைகளை அப்படியே அள்ளித் தொட்டியில் போட்டுவிட்டு, அதன் பிறகு மூட்டை கட்டுங்கள்.