கப்பல் ஊழியத்துக்குப் புறப்படுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லோகோஸ் ஹோப் கப்பலில் தன்னார்வலராக இருந்துவிட்டு வந்தவள் என்பதால், போக ஆசைப்படும் பிள்ளைகளை அவர்களுடைய ஆயர்கள் என்னிடம் அனுப்பிவைக்கிறார்கள். வருகிற முகங்கள் மாறுகின்றன. ஆனால் எங்கள் செட்டில் நடந்த அதே பிசகுகளை இவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வை, வெயிலுக்குத் தொப்பி எடுத்துப் போ என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

கப்பலைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: லோகோஸ் ஹோப் 1973-ல் கார்களையும் பயணிகளையும் ஏற்றும் ஃபெர்ரியாகக் கட்டப்பட்டது. 2004-ல் அதை வாங்கி, மாற்றிக் கட்டி, 2009-ல் கிறிஸ்தவ ஊழியத்துக்குக் கொண்டுவந்தார்கள். நீளம் 132 மீட்டர். 60-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த 400 பேர் வரை அதில் வாழ்கிறார்கள். கேப்டனிலிருந்து பாத்திரம் கழுவுகிறவர் வரை ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. ஒரு துறைமுகத்தில் சில வாரங்கள் நிற்கும், ஊர் மக்கள் ஏறி வந்து புத்தகக் கண்காட்சியைப் பார்ப்பார்கள், அப்புறம் அடுத்த துறைமுகம். 2011-ல் சென்னைக்கும் வந்து போனது.

பிரசங்க மேடையைத் தேடி ஏறுவது

விண்ணப்பத்தோடு வரும் சாட்சிக் கட்டுரைகளைப் படித்துப் பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் "தேசங்களுக்குச் சுவிசேஷம் சொல்ல அழைப்பு" என்றுதான் தொடங்குகின்றன. அழைப்பு உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் கப்பலில் உங்களுக்குக் கிடைக்கப்போவது ஒரு வேலை. டெக், என்ஜின் ரூம், சமையலறை, சலவை, புத்தகக் கண்காட்சி, அறைகளையும் கழிப்பறைகளையும் சுத்தம் செய்யும் பிரிவு என்று ஏதாவது ஒன்றில் போடுவார்கள். வாரத்தில் ஐந்து நாள் அந்த வேலை, ஒரு நாள் ஊருக்குள் ஊழியம், ஒரு நாள் ஓய்வு. ஏறத்தாழ இதுதான் கணக்கு.

எம்.பி.ஏ. படித்த ஒரு தம்பியை முதலில் சுத்தம் செய்யும் பிரிவில் போட்டார்கள். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் ஒரு தென்கொரியப் பெண், வயதில் அவனைவிடச் சின்னவர். சனிக்கிழமை இரவு பார்வையாளர் கூட்டம் இறங்கிப் போன பிறகு, அந்தப் பெண் மண்டியிட்டுத் தரை துடைப்பதைப் பார்த்துத்தான் அவன் வழிக்கு வந்தான். புறப்படும் முன்பே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மைக் ஒரு தடவைகூடக் கைக்கு வராமல் இரண்டு வருடம் இந்த வேலையைச் செய்ய மனம் இருக்கிறதா? இல்லையென்றால் இரண்டு மூன்று மாதக் குறுகியகாலத் திட்டங்கள் உண்டு. முதலில் அதில் போய்ப் பாருங்கள்.

பாதி ஆதரவோடு புறப்படுவது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. எத்தனை தடவை சொன்னாலும் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் இதில் விழுகிறார்.

சம்பளம் இல்லை என்பதோடு முடிவதில்லை. நீங்கள் கப்பலில் இருப்பதற்கு ஒரு செலவு இருக்கிறது. சாப்பாடு, தங்குமிடம், காப்பீடு, பயிற்சி, உங்களை அனுப்பும் அலுவலகத்தின் செலவு எல்லாம் அதில் அடக்கம். அந்தத் தொகையை உங்கள் சபையும் நண்பர்களும் உறவினர்களும் மாதாமாதம் தாங்க வேண்டும். பணம் உங்கள் கைக்கு வராது, அனுப்பும் அலுவலகத்தின் வழியாகப் போகும். உங்களுக்குக் கப்பலில் கிடைப்பது சின்னக் கைச்செலவு மட்டும்.

நம் ஊரில் இது எப்படி நடக்கிறது? புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு அனுப்புதல் ஆராதனை. பொன்னாடை, ஜெபம், புகைப்படம். அன்றைக்கு எடுக்கும் விசேஷக் காணிக்கை நன்றாகவே சேரும். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது இருபது பேர் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீ கவலைப்படாம போ, மாசா மாசம் நான் பார்த்துக்கிறேன்" என்பார்கள். மனதார, கண்கலங்கித்தான் சொல்வார்கள். ஆனால் யாரும் தொகையைச் சொல்ல மாட்டார்கள், யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். பையனோ இருபது பேர், ஆளுக்கு ஆயிரம், இருபதாயிரம் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு விமானம் ஏறிவிடுவான்.

முதல் சில மாதம் வண்டி ஓடும். அப்புறம் ஒருவர் வீட்டில் மகளுக்குக் கல்யாணம் வரும். ஒருவருக்கு வேலை மாற்றல். ஆயருக்கும் இடமாற்றம் வந்துவிடும், புதிதாக வந்தவருக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. இவர்களில் ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. ஞாபகப்படுத்த ஆள் இல்லை, அவ்வளவுதான்.

தென் மாவட்டத்திலிருந்து வந்த ஒரு பையனை எனக்கு நன்றாகத் தெரியும். என்ஜின் ரூமில் வேலை. பம்பைப் பிரித்துப் பூட்டுவதில் அவன் கைக்கு நிகர் இல்லை என்று ஃபிலிப்பைன்ஸ்காரரான அவன் மூத்தவரே சொல்வார். ஏறிய எட்டாவது மாதம் கணக்கு குறைகிறது என்று அவனுக்குத் தகவல் வந்தது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. சபைக்குக் கடிதம் எழுதினால் பிச்சை கேட்பதுபோல் ஆகிவிடும் என்று நினைத்தான். வீட்டுக்கு மட்டும் ஒரு வரி சொன்னான். அவன் அப்பா பி.எஃப். பணத்தில் கைவைத்தார். அது தீர்ந்ததும் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. தங்கை போனில் அழுதபோதுதான் அவனுக்கே விஷயம் தெரிந்தது. பாதியிலேயே இறங்கி ஊருக்குத் திரும்பினான். நீண்ட கடல் பயணத்துக்கு முன் பயிற்சி பெற்ற ஒரு ஆள் குறைந்ததால், மீதியிருந்தவர்கள் அவன் ஷிஃப்ட்டையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

என்னைக் கோபப்படுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. அவனுக்குப் பொன்னாடை போர்த்திய அதே சபையில், "ஊழியத்தில் நிலைத்து நிற்க முடியல பாவம்" என்று பேசிக்கொண்டார்கள். கொடுக்கிறேன் என்று சொல்லி நிறுத்தியவர்களும் அந்தப் பேச்சில் இருந்தார்கள்.

இதைச் சொல்லும்போதெல்லாம் "ஆண்டவர் பார்த்துக்கொள்வார், அக்கா" என்று ஒரு பதில் வரும். பார்த்துக்கொள்வார், நானும் நம்புகிறேன். ஆனால் கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று கேட்டவரும் அவர்தான். உங்கள் விசுவாசத்துக்கு உங்கள் அம்மாவின் கழுத்துச் சங்கிலி ஈடாகக் கூடாது.

ஆகவே ஒரு நோட்டு வாங்குங்கள். பெயர், போன் எண், மாதத் தொகை, எந்தத் தேதியில் அனுப்புவார் என்று நான்கு பத்தி. "பார்த்துக்கிறேன்" என்று சொல்கிறவரிடம் அங்கேயே, "ரொம்ப நன்றி அண்ணே, மாதம் எவ்வளவு என்று எழுதிக்கொள்ளட்டுமா?" என்று கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். கேட்டபின் சிலர் முன்னூறு என்பார்கள். அந்த முன்னூறுதான் உண்மையான பணம். பத்தாயிரம் தருகிற ஒருவரைவிட முன்னூறு தருகிற நாற்பது பேர் எனக்குப் பெரிய நிம்மதி, ஏனென்றால் ஒருவர் நின்றால் கப்பலிலிருந்து இறங்க வேண்டியதில்லை. முடிந்தவர்களிடம் வங்கியில் தானாகவே மாதம் போகும்படி செய்துதரச் சொல்லுங்கள். ஊரில் ஒரு பொறுப்பாளரை வையுங்கள். அவர் உங்கள் அப்பாவாக இருக்கக் கூடாது. கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் தன் பையிலிருந்து எடுத்துப் போட்டுவிடுவார்.

மாதச் செலவோடு மருத்துவப் பரிசோதனை, விசா, தடுப்பூசி, விமான டிக்கெட் எல்லாவற்றையும் முதலிலேயே சேருங்கள். ரூபாயின் மதிப்பு இறங்கினால் நம் பங்கு கூடும் என்பதற்கும் கொஞ்சம் இடம் விடுங்கள். நோட்டில் எழுதிய தொகை தேவையைத் தொடும்வரை பயணத் தேதியைத் தள்ளிப்போடுங்கள். அடுத்த குழுவோடு போகலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. வட்டிக்கு வாங்கிப் போகவே போகாதீர்கள்.

கடிதத்தில் அழகை மட்டும் காட்டுவது

மேலே சொன்ன பையனின் ஜெபக் கடிதங்களை நானும் பார்த்திருக்கிறேன். சூரிய அஸ்தமனம், டால்ஃபின், பல நாட்டு நண்பர்களோடு சிரித்தபடி ஒரு படம். இதைப் பார்க்கிற சபை மக்கள், பையன் உலகம் சுற்றுகிறான், சந்தோஷமாக இருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். என்ஜின் ரூமில் போடும் எண்ணெய்க் கறை படிந்த வேலை உடுப்போடு ஒரு படம் அனுப்பியிருந்தால் அவன் கதையே வேறு மாதிரி ஆகியிருக்கலாம். வேலை என்ன, எங்கே சோர்ந்துபோனீர்கள், கணக்கில் எவ்வளவு குறைகிறது என்று எழுதுங்கள். உங்களை அனுப்பியவர்களுக்கு அது தெரிய வேண்டும்.

துறைமுகத்தில் வாக்குக் கொடுப்பது

கப்பல் ஒரு ஊரில் நிற்பது சில வாரங்கள். திரும்ப அதே ஊருக்கு வரப் பல வருடங்கள் ஆகும், வராமலும் போகலாம். இது தெரிந்தும், ஓர் அனாதை இல்லத்துக்கோ மீனவக் குப்பத்துக்கோ ஒரு நாள் போய் வந்த உடனே மனம் இளகிவிடுகிறது. "உன் படிப்புச் செலவுக்கு ஏற்பாடு செய்கிறேன்", "எங்கள் நாட்டுக்கு வர உதவுகிறேன்" என்று சொல்லிவிடுகிறோம்.

மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில், எங்கள் குழுப் பெண் ஒருத்தி பள்ளிக்கூடச் சிறுமி ஒருத்திக்கு இப்படி வாக்குக் கொடுத்தாள். அடுத்த நாள் அந்தச் சிறுமி தாயோடும் பாட்டியோடும் மதிப்பெண் சான்றிதழை எடுத்துக்கொண்டு கப்பலில் ஏறும் படியின் (கேங்வே) அடியில் வந்து நின்றாள். எங்களவள் அன்று சமையலறை வேலையில் இருந்தாள், வெளியே வர முடியவில்லை. மூன்றாம் நாள் கப்பல் புறப்பட்டது. அந்தக் குடும்பத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பு உள்ளூர்ப் போதகர் தலையில் விழுந்தது. வாக்குக் கொடுத்தபோது அவரும் பக்கத்தில் நின்றதால், அவருடைய பெயரும் சேர்ந்து கெட்டது.

உதவ விரும்பினால் முதலில் அந்த ஊர்ச் சபையிடம் தனியாகக் கேளுங்கள். அவர்களுக்குத் தேவை தெரியும், நாம் போன பிறகும் அங்கே இருக்கப்போகிறவர்கள் அவர்கள். பணத்தை யாருடைய கையிலும் நேரே திணிக்காதீர்கள். நேற்று சந்தித்தவருக்கு இன்று கொடுக்கக்கூடிய நேர்மையான வார்த்தை, "உங்களோடு இருந்தது சந்தோஷம், உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்பது மட்டும். சொன்னால் ஜெபியுங்கள்.

36 பக்க பாஸ்போர்ட்டும் மஞ்சள் ஊசியும்

இந்தியாவில் 60 பக்க பாஸ்போர்ட் கேட்டு வாங்கலாம். துறைமுகத்துக்குத் துறைமுகம் விசாவும் முத்திரையும் விழும்போது 36 பக்கம் சீக்கிரம் தீர்ந்துவிடும். நடுவழியில் புது பாஸ்போர்ட்டுக்குத் தூதரகம் தேடி அலைய வேண்டியிருக்கும். இரண்டு வருடத்துக்கு மேல் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்கட்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஊசிக்கு நாள் குறிப்பிட்டுத்தான் வரச் சொல்வார்கள், கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். ஆப்பிரிக்காவிலோ தென் அமெரிக்காவிலோ அந்தக் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால், ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கச் சட்டம் இருக்கிறது.

ட்ரில்லை விளையாட்டாக எடுப்பது

ட்ரில் என்பது ஆபத்துக்கால ஒத்திகை. அலாரம் அடித்ததும் லைஃப் ஜாக்கெட்டோடு, கூட வேண்டிய இடமான மஸ்டர் ஸ்டேஷனுக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். திரும்பத் திரும்ப நடக்கும், அலுக்கும். நின்றுகொண்டே செல்ஃபி எடுப்பவர்களும் உண்டு. இந்த ஊழியத்தின் முதல் கப்பலான லோகோஸ், 1988 ஜனவரியில் தென் அமெரிக்காவின் தெற்கு முனையில் பீகிள் கால்வாயில் பாறைமேல் ஏறிச் சாய்ந்தது. நடுராத்திரி, குளிர்ந்த கடல். கைக்குழந்தைகள் உட்பட 139 பேரும் லைஃப் போட்டில் இறங்கிப் பிழைத்தார்கள். கப்பல் திரும்பவில்லை. ட்ரில்லை ஒழுங்காகச் செய்து பழகியிருந்தவர்கள் அவர்கள்.

தனியாக ஊர் சுற்றுவது

1991 ஆகஸ்டில் பிலிப்பைன்ஸின் சம்போவாங்காவில், இதே ஊழியத்தின் இன்னொரு கப்பலான டூலோஸின் குழு நடத்திய நிகழ்ச்சியில் கையெறி குண்டு வீசினார்கள். குழுவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் இறந்தார்கள். எங்கே போகலாம், எத்தனை பேராகப் போக வேண்டும், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லும்போது விவாதம் பண்ணாதீர்கள்.

காதல்

முதல் வருடம் அனுமதி இல்லை. தெரிந்தேதான் ஏறுகிறீர்கள்.

கடல் மயக்கம்

மாத்திரையைக் கப்பல் ஆடுவதற்கு முன்பே போடுங்கள்.

பெட்டி

கேபினில் இரண்டு பேரோ நான்கு பேரோ இருப்பீர்கள். கட்டிலுக்குக் கீழே அடங்காததைக் கொண்டுபோகாதீர்கள்.

திரும்பிவரும் மாதத்தை மறப்பது

இரண்டு வருடம் முடிந்து இறங்கும்போது கையில் பணம் இருக்காது, வேலையும் இருக்காது. வயது மட்டும் இரண்டு கூடியிருக்கும், வீட்டில் கல்யாணப் பேச்சும் ஆரம்பித்திருக்கும். நோட்டில் தொகை கேட்கும்போதே, திரும்பி வந்த பின் மூன்று மாதச் செலவுக்கும் சேர்த்துக் கேளுங்கள். படிப்பையோ வேலையையோ விட்டுப் போகிறவர்கள், திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று முன்பே விசாரித்து, சரி என்றால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வந்த முதல் ஞாயிறே சபையில் போய் நில்லுங்கள். முன்னூறு ரூபாய் அனுப்பிய நாற்பது பேரையும் தனித்தனியாகப் பார்த்து, அவர்கள் கொடுத்த பணத்தில் நீங்கள் எந்தத் தரையைத் துடைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.