அறக்கட்டளைக்குப் பகுதிநேரமாக எழுத, படம் எடுக்க ஆள் அமர்த்துவது எப்படி?

சிறிய அறக்கட்டளைகள் தேடும் ஆள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: கதை எழுத வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், வீடியோ எடிட் செய்ய வேண்டும், பேஸ்புக் பக்கத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நான்கும் நன்றாக வரும் ஒருவர் பகுதிநேரச் சம்பளத்துக்குக் கிடைக்க மாட்டார். கிடைத்தாலும் நிலைக்க மாட்டார். ஆளைத் தேடும் முன்பு தேவையை எண்ணிக்கையில் எழுதுங்கள். உதாரணமாக, மாதம் 500 சொல்லில் 2 பயனாளி கதைகள், பொறுக்கியெடுத்த 15 படங்கள். இதற்குக் களத்தில் 2 நாள், மேசையில் 3 நாள் ஒதுக்கலாம். வீடியோவை மூன்று மாதத்துக்கு ஒன்று என்று தனியாக எடிட்டரிடம் கொடுங்கள்.

அடுத்தது, அலுவலகத்தில் ஒருவரைப் பொறுப்பாக்குவது. பெரும்பாலான ஏற்பாடுகள் இது இல்லாமல்தான் குலைகின்றன. எந்த ஊரில் யாரைப் பார்ப்பது, அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லிவைப்பது, வண்டி, பிறகு பெயர், தொகை, தேதி சரிபார்ப்பது என்று வெளியாளின் ஒவ்வொரு நாளுக்கும் உங்கள் ஆளுக்கு அரை நாள் போகும். இறுதி ஒப்புதலும் அவர் ஒருவரே தர வேண்டும். அறங்காவலர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு திருத்தம் சொல்லத் தொடங்கினால் வேலை முடியவே முடியாது. திருத்தம் இரண்டு சுற்று, அதற்கு மேல் தனிக்கட்டணம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

எங்கே தேடுவது? சென்னை லயோலா போன்ற கல்லூரிகளின் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களைப் பலரும் முதலில் நினைப்பார்கள். ஆனால் தேர்வு வந்தால் காணாமல் போவார்கள். தாலுகா நிருபராக இருந்து விலகியவர்களுக்கு ஊர் தெரியும், கெடு தெரியும். படத்துக்கு உள்ளூர்க் கல்யாண போட்டோகிராபர்கள் நல்ல தேர்வு. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இருக்காது. நாளும் கிடைக்கும், கட்டணத்தையும் பேசலாம். ஒன்றை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: முகத்தை வெளுப்பாக்கக் கூடாது, நிறத்தைத் தூக்கக் கூடாது. கல்யாண ஆல்பத்தின் கைப்பழக்கம் அது. செங்கல் சூளைத் தொழிலாளியின் படத்தில் அசிங்கமாகத் தெரியும்.

பழைய வேலைகளைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஒரு பயனாளி தன் கதையை வெளியில் பகிரச் சம்மதித்துப் பேசிய 20 நிமிட ஒலிப்பதிவைக் கொடுத்து, 300 சொல்லில் எழுதச் சொல்லுங்கள்; அதற்குக் கூலி கொடுங்கள். அதில் பேசும் அம்மா, “தண்டல்காரருக்கு நாளைக்கு நூறு ரூபா, மழை பெஞ்சாலும் குடுக்கணும்” என்று சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வந்த கதையில் அந்த வரி அப்படியே இருந்தால் ஆளை எடுக்கலாம். “கண்ணீர் மல்கத் தன் துயரத்தைப் பகிர்ந்துகொண்டார்” என்று மாறியிருந்தால், கேட்கத் தெரியாதவர் என்று பொருள். நடையைத் திருத்தலாம், காதைத் திருத்த முடியாது.

உரிமை விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவும் வீடியோவும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே சொந்தம். வெளியாள் எழுதிய கட்டுரை அப்படியல்ல. அவர் கையெழுத்திட்டு எழுத்தில் மாற்றித் தந்தால்தான் உங்களுடையது. அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வெளிநாட்டு நன்கொடையாளருக்கான அறிக்கையிலும் போடுவீர்கள் என்றால் “உலகம் முழுவதும்” என்று எழுதியே ஆக வேண்டும்.

பணத்தை முன்பணம் 30 விழுக்காடு, முதல் வரைவுக்கு 40, இறுதிக் கோப்புகள் கைக்கு வந்ததும் 30 என்று பிரிக்கலாம். தொழில்முறைக் கட்டணமாகக் கணக்கில் ஏறினால், 2025-26 நிதியாண்டு முதல் ஒருவருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டும்போது 10 விழுக்காடு டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டும். பான் தராவிட்டால் 20. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) நிதியிலிருந்து கொடுப்பதானால் நிர்வாகச் செலவுக்கு 20 விழுக்காடு வரம்பு உண்டு. இது நிர்வாகச் செலவா, திட்டச் செலவா என்று முதல் காசோலைக்கு முன்பே ஆடிட்டரிடம் கேளுங்கள்.

சம்மதப் படிவம் தமிழில் இருக்கட்டும். வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பெயரும் முகமும் சரி, முகம் சரி பெயர் வேண்டாம், இரண்டும் வேண்டாம் என மூன்று கட்டங்கள் போதும். உதவி யாருக்கு என்று முடிவு செய்யும் களப்பணியாளர் இதைக் கேட்கக் கூடாது; அவரிடம் யாரும் ‘மாட்டேன்’ என்று சொல்ல மாட்டார்கள். பேட்டி முடிந்ததும் இன்னொரு முறை கேளுங்கள், ஏனென்றால் என்ன சொல்லப் போகிறோம் என்று தொடக்கத்தில் பேசுபவருக்கே தெரியாது. குழந்தைகள் விஷயத்தில் சம்மதம் மட்டும் போதாது. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை, குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை ஆகியோரின் அடையாளத்தை வெளியிடுவதை 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. முகத்தை மங்கலாக்கிவிட்டுச் சீருடையையும் பள்ளிப் பெயர்ப்பலகையையும் விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

கோப்புகளை வாங்குவதில் தமிழுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. டிசைனர் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் விழா மலரைத் தயாரித்துவிட்டால், அதிலிருந்து எடுத்து இணையதளத்தில் ஒட்டும்போது குப்பையாக வரும். யூனிகோடு மட்டும் என்று கேளுங்கள். வேர்ட் கோப்பையும் சேர்த்து வாங்குங்கள். வீடியோ எழுத்தில் கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் நின்றால், பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் எழுத்து அமைப்பைத் தெற்காசிய மொழிக்கு மாற்றச் சொல்லுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்து அச்சுக்கு ஆகாது; கூகுள் டிரைவில் முழு அளவில் போடட்டும்.

யூடியூப் சேனல் அறக்கட்டளையின் மின்னஞ்சலிலும், பேஸ்புக் பக்கம் அறக்கட்டளைப் பொறுப்பாளரின் கணக்கிலும் திறக்கப்பட வேண்டும். வெளியாளுக்கு முழுக் கட்டுப்பாடு வேண்டாம், பதிவிடவும் திருத்தவும் அனுமதி மட்டும் கொடுங்கள். அவருடைய சொந்தக் கணக்கில் தொடங்கியிருந்தால், கடைசித் தவணை கொடுப்பதற்கு முன்பு மாற்றி வாங்கிவிடுங்கள்.