வெள்ளம் வடிந்த பிறகு கிணறு: பல்கலைக்கழக மாணவர் குழுக்களுக்கு ஒரு செய்முறை

யாழ்ப்பாணத்தில் வெள்ளம் வந்தால் சமைத்த சாப்பாட்டுக்குக் குறைவு வராது. கோயில், சனசமூக நிலையம், வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் என்று யாராவது பார்த்துக்கொள்வார்கள். ஆனால் சனம் முகாமிலிருந்து வீடு திரும்பும்போது கிணறு கலங்கிக் கிடக்கும். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மாரி மழைதான் எங்கள் குடிநீர். மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவில் இருக்க, வெள்ளம் இரண்டையும் கலந்துவிடும். அளக்கத் தெரிந்த பிள்ளைகளும் ஆய்வுகூடமும் உள்ள பல்கலைக்கழகம் முதலில் இறங்க வேண்டியது இந்த வேலையில்தான்.

1. யாரிடம் போவது

பீடத்து அனுமதிக் கடிதம், பஸ் எல்லாம் வழக்கம்போல எடுத்துக்கொள்ளுங்கள். நேராக ஊருக்குள் இறங்க வேண்டாம். முதலில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை (பி.எச்.ஐ.) சந்தியுங்கள், பிறகு கிராம சேவையாளரை. குளோரின் தூளும் அதைப் போடும் பொறுப்பும் பி.எச்.ஐ.யிடம்தான். நாம் அவருடைய கைகளாக வேலை செய்கிறோம்.

ஒவ்வொரு குழுவிலும் மருத்துவ பீடத்திலிருந்து ஒருவர், கிளிநொச்சியில் இருக்கும் பொறியியல் அல்லது விவசாய பீடத்திலிருந்து ஒருவர், அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் இருந்தால் போதும். றப்பர் சப்பாத்து கட்டாயம். காலில் புண் உள்ளவரை வெள்ளத்தில் இறக்காதீர்கள். 2024 டிசம்பரில் இங்கே எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. தடுப்பு மாத்திரை பற்றிப் பணிமனையிலேயே கேளுங்கள்.

2. பதிவு

கிணறுகளின் விவரம் பதிய, கூகுள் ஃபோர்மை விட கோபோ டூல்பாக்ஸ் என்ற கணக்கெடுப்புச் செயலிதான் என் தெரிவு. இலவசம், சிக்னல் இல்லாத இடத்திலும் ஃபோனில் நிரப்பி வைத்துப் பிறகு அனுப்பலாம். கேள்விகள் குறைவாக இருக்கட்டும்: வெள்ளம் கிணற்றுக் கட்டுக்கு மேலால் ஏறியதா, மலசலகூடக் குழி எத்தனை மீற்றர் தூரம், எத்தனை வீடு இந்தக் கிணற்றில் அள்ளுகிறது. பங்குக்கிணறு என்றால் எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

3. இறைப்பது

குப்பையை அள்ளி, சேற்றை எடுத்து, இறைக்க வேண்டும். இதில் அவசரம் கூடாது. சுற்றி நிலம் ஊறியிருக்கும்போது கிணற்றை ஒரேயடியாக வற்ற இறைத்தால் வெளியே உள்ள நீரின் அழுத்தம் கட்டுச் சுவரை உள்ளே தள்ளிவிடலாம். இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. அதன் புகை ஆளைக் கொல்லும்.

4. அளவும் தூளும்

எங்களை அதிகம் இழுத்தடித்த படி இது. "கிணற்றுக்கு இத்தனை கரண்டி" என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். கேட்காதீர்கள், அளந்து பாருங்கள்.

கயிற்றில் கல்லைக் கட்டி அடி தட்டும்வரை இறக்கி, மேலே இழுத்து, நனைந்த நீளத்தை அளந்தால் அதுதான் நீரின் ஆழம். விட்டத்தை நீர்மட்டத்தில் எடுக்க வேண்டும். மேலே கட்டு அழகான வட்டமாக இருக்கும், கீழே பாறை வெட்டிய பகுதி ஒடுங்கியிருக்கும். நீரின் கன அளவு: ஆரம் × ஆரம் × 3.14 × ஆழம். விட்டம் 2 மீற்றர், நீர் 3 மீற்றர் என்றால் 9.42 கன மீற்றர், அதாவது ஏறக்குறைய 9,400 லீற்றர். சதுரக் கிணறானால் நீளம் × அகலம் × ஆழம்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் 100 லீற்றர் கிணற்று நீருக்கு 0.2 சதவீதக் குளோரின் கரைசல் 1 லீற்றர் என்கிறது. நம் கிணற்றுக்கு 94 லீற்றர் கரைசல், அதில் 188 கிராம் குளோரின். ஆனால் 188 கிராம் தூள் என்று எடுத்துவிடாதீர்கள்! குளோரின் 65 சதவீதம் உள்ள தூளென்றால் 290 கிராம், 30 சதவீதத் தூளென்றால் 630 கிராம் வேண்டும். சதவீதம் பையில் அச்சிட்டிருக்கும். திறந்து நாளான தூள் வீரியம் இழந்திருக்கும், அதைத் தள்ளிவையுங்கள். கணக்கை பி.எச்.ஐ.யிடம் காட்டி, அவர் சொல்லும் அளவையே போடுங்கள்.

கையுறை போட்டு, பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, அடி மண்டியை விட்டுத் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். வாளியால் பல தடவை அள்ளி ஊற்றிக் கலக்குங்கள். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க விடுங்கள். அதுவரை யாரும் அள்ளாதபடி கிணற்றுக் கட்டில் அறிவித்தல் ஒட்டுங்கள்.

5. சோதனை

நீரில் மிஞ்சியுள்ள குளோரினை, மறுநாள் டி.பி.டி. மாத்திரை போட்டு நிறத்தை ஒப்பிடும் கொம்பரேட்டரால் பாருங்கள். காகிதப் பட்டியை விட அதன் நிறம் தெளிவாகத் தெரியும். குளோரின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழே வரும்வரை மெதுவாக இறைக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்துத் திரும்பிப் போய், கிருமிச் சோதனைக்கு மாதிரி எடுங்கள். முடிவை வீட்டுக்காரரிடம் எழுத்தில் கொடுங்கள். அது அவர்கள் குடிக்கிற தண்ணீர். முடிவு வரும்வரை கொதிக்க வைத்தே குடிக்கச் சொல்லுங்கள்.

பிறகு சேர்த்தது

வடமராட்சி கிழக்கிலும் தீவகத்திலும் உள்ள சிலர், குளோரின் போட்டும் உப்புப் போகவில்லையே என்று கேட்டிருந்தார்கள். குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது. கடல்நீர் புகுந்த கிணற்றைத் திரும்பத் திரும்ப இறைக்காதீர்கள். 2004 சுனாமிக்குப் பின் கிழக்குக் கரையில் அப்படி இறைத்ததில் அடியிலிருந்த உப்புநீர் மேலேறியது. ஒரு தடவை சேற்றை எடுத்துவிட்டு, உப்பின் அளவை மின்கடத்தலால் காட்டும் ஈ.சி. மீற்றரால் மாதமொரு முறை அளந்து எழுதிவையுங்கள். உப்பை இறக்குவது அடுத்தடுத்த மழைதான். அதுவரை அந்த வீடுகளுக்குப் பவுசர் தண்ணீர் வேண்டும். உங்கள் அளவுக் குறிப்புகளோடு பிரதேச சபைக்குப் போய் அதைக் கேளுங்கள்.