கண்ணாடிக்கு எதிரே ஓர் ஆட்டம்: சமச்சீர் ஆங்கிலத் திறப்பு, புதியவர்களுக்கு

சதுரங்கப் பலகையை விரித்து வைத்துக்கொண்டு படியுங்கள். எழுத்து நெடுவரிசையை, எண் கிடைவரிசையைக் குறிக்கும்; காயின் பெயர் சொல்லாவிட்டால் அது சிப்பாய். வெறும் மனக்கணக்கில் போனால் எட்டாவது நகர்த்தலில் குழம்பிவிடும். இது இங்கே ரங்கூனில், ஒரு சின்னப் போட்டியில் நான் வெள்ளையில் ஆடியது.

முதலில் சிப்பாய் சி4. எதிராளியும் சி5. 1843இல் பாரிஸில் பிரெஞ்சு வீரர் சென்-அமாந்துக்கு எதிராக இங்கிலாந்தின் சதுரங்க வீரர் ஸ்டாண்டன் சி4 ஆடினார். அதனால்தான் இது ஆங்கிலத் திறப்பு.

அடுத்து குதிரை சி3, குதிரை சி6. ஜி3, ஜி6. மந்திரி ஜி2, மந்திரி ஜி7. இதுவரை யோசிக்க ஒன்றுமில்லை.

தாம்வே தேநீர்க்கடையில் சித்துயின் எனும் பர்மியச் சதுரங்கம் ஆடும் பெரியவரிடம் இதை அடுக்கிக் காட்டினேன். "என்ன தம்பி, கண்ணாடி முன்னாடி உக்காந்து ஆடுனியா?" என்றார். சித்துயினில் சிப்பாய்களுக்கு மட்டும்தான் நிலையான இடம். மற்ற காய்களை அவரவரே அடுக்கிக்கொள்ளலாம். அவருக்கு இது சப்பென்றுதான் இருக்கும்.

ஐந்தாவது: ஏ3, ஏ6. பி4 தள்ளத்தான் இந்த ஏற்பாடு. இங்கேதான் அவசரம் கூடாது. முந்தைய போட்டியில் நான் உடனே பி4 தள்ளினேன். சி5 சிப்பாய் வெட்டியது, ஏ3 சிப்பாயால் திருப்பி வெட்டினேன், சி6 குதிரை வந்து அந்தச் சிப்பாயையும் தின்றுவிட்டுப் போனது. பி4க்குக் காவலே இல்லை! அதனால் இந்த முறை முதலில் யானை பி1. எதிராளியும் யானை பி8. இப்போது பி4, குதிரை வெட்டினால் யானை வெட்டும்.

அவர் சிப்பாயை வெட்டினார், நான் ஏ சிப்பாயால் வெட்டினேன், அவர் பி5. நான் பி5இல் வெட்ட, அவரும் ஏ சிப்பாயால் வெட்டினார். குதிரை எஃப்3 வைத்தேன். அவர் முந்திக்கொண்டு டி5. விட்டால் டி4 வந்து என் குதிரையை விரட்டும்; நான் டி4 போட்டு அடைத்தேன். அவர் குதிரை எஃப்6. மறுபடியும் அச்சு அசலாக ஒரே நிலை, ஆனால் நகர்த்தும் முறை என்னுடையது.

டி சிப்பாய் நகர்ந்ததில் சி1 மந்திரிக்கு வழி திறந்திருக்கிறது, பாருங்கள். மந்திரி எஃப்4. குறுக்குக் கோட்டில் விரலை ஓட்டுங்கள்: ஈ5, டி6, சி7, பி8. யானைக்குக் குறி! அது பி6க்கு ஓடியது, நான் கோட்டை கட்டினேன். லாபம் ஒரே ஒரு நகர்த்தல்தான். கடைசியில் ஆட்டம் சமனில் முடிந்தது.

பெரியவர் பி6 யானையைத் தொட்டுப் பார்த்தார். "இத மொதல்லயே இங்க வெச்சிருக்கலாமே."