நுரையோடு வெளியேறிய சர்ஃபாக்டின்

காங்கேயத்து எண்ணெய் ஆலையில் வாங்கிய தேங்காய்ப் புண்ணாக்கின் வடிநீரில் பாசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியத்தை வளர்த்து, அது சுரக்கும், சோப்பைப் போல் நுரைக்கும், எளிதில் மட்கும் சர்ஃபாக்டினை எடுக்க முயன்றபோது, செல்கள் நன்கு பெருகியும், அமிலம் சேர்த்த வளர்ப்பு நீரில் சர்ஃபாக்டின் வீழ்படிவு ஏறக்குறைய இல்லை. தொட்டியில் முதலில் இடும் விதை வளர்ப்பைப் புதுப்பித்தும் புண்ணாக்கின் அளவை மாற்றியும் பலனில்லை. நுரையடக்கச் சிலிகான் எண்ணெய் விட்டதும் சொட்டு படர்கிறதா என்று பார்க்கும் துளிச் சோதனையே நம்பத்தகாததாயிற்று. அந்த எண்ணெயும் பரப்பு இழுவிசையைக் குறைக்கும்.

சிலிகான் எண்ணெய் விடாத வளர்ப்பில், காற்று வெளியேறும் குழாயின் முனையிலிருந்த குப்பியில் தேங்கிய கலங்கல் நீரைப் பாராஃபின் தாளில் ஒரு சொட்டு வைத்தேன். அது தட்டையாகப் படர்ந்தது. தொட்டி நீரின் சொட்டோ உருண்டே நின்றது. நீரின் பரப்பு இழுவிசையை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டனிலிருந்து 27 வரை இறக்கும் சர்ஃபாக்டின், தன் இயல்பால் நுரையில் செறிந்து வெளியேறிக்கொண்டிருந்தது.

ஆகவே நுரையை அடக்காமல், அகலக் குழாய் வழியே தனிக் குடுவையில் திரட்டி, செல்களை நீக்கி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிஎச் 2க்குக் கொண்டுவந்து, 4 டிகிரி செல்சியஸில் ஓரிரவு வைத்தேன். பெரும் நிம்மதி: வீழ்படிவு அடியில் திரண்டிருந்தது. சிலிகான் எண்ணெயை இப்போது தொடுவதில்லை.