பாலே பள்ளியில் மாணவர்களின் உடலையும் மனதையும் காப்பது எப்படி

பாலே மாணவர்களுக்கு வரும் காயங்களில் பெரும்பங்கு காலிலும் பாதத்திலும்தான். அவற்றிலும் பெரும்பாலானவை ஒரே நாளில் தடுக்கி விழுந்து வந்தவை அல்ல. அளவுக்கு மீறிய பயிற்சி, பற்றாத சாப்பாடு, போதாத தூக்கம் மூன்றும் எலும்பு வளரும் வயதில் மாதக்கணக்கில் சேர்ந்து வருபவை. அதனால் பள்ளி முதலில் திருத்த வேண்டியது தன் நேர அட்டவணையை. மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் அதற்கு அடுத்துத்தான்.

அட்டவணை

பதினொரு வயதிலேயே விடுதியில் சேர்க்கும் பள்ளிகள் உண்டு. லண்டன் ரிச்மண்ட் பூங்காவில் ராயல் பாலே பள்ளி நடத்தும் வைட் லாட்ஜ் அப்படிப்பட்டது. இத்தகைய பள்ளிகளில் பிள்ளை எப்போது சாப்பிட வேண்டும், எப்போது படுக்க வேண்டும் என்பதைப் பள்ளியே முடிவு செய்கிறது, பொறுப்பும் பள்ளியுடையதே.

13 முதல் 18 வயது வரை இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம். இதைக் காலை வகுப்பிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். காலை 8 மணிக்கு வகுப்பு என்றால் 6:30க்கு எழ வேண்டும். குறைந்தது 9 மணி நேரம் தூங்க இரவு 9:30க்குள் விளக்கு அணைய வேண்டும். ஒத்திகை 9 மணி வரை நீண்டால் அது நடக்காது. ஒன்று ஒத்திகை முன்னால் நகர வேண்டும், இல்லையேல் மறுநாள் காலை வகுப்பு தள்ளிப் போக வேண்டும்.

வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. இரண்டு வகுப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து ஏதாவது சாப்பிட 20 நிமிடம். பெரிய தாவல்களையும், ஜோடியைத் தூக்கி ஆடும் தூக்கல்களையும் கால் களைத்துப்போன மாலைக் கடைசி மணியில் வைக்காதீர்கள்.

பளுவை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும், எவ்வளவு கடினமாக இருந்தது என்று மாணவரே 0 முதல் 10க்குள் ஓர் எண் சொல்லட்டும். அதை வகுப்பின் நிமிடங்களால் பெருக்குங்கள். 90 நிமிடம், கடினம் 6 என்றால் 540. வாரக் கூட்டுத்தொகையைக் குறித்து வாருங்கள். ஒரு வாரம் முந்தைய நான்கு வாரச் சராசரியை விடத் திடீரென்று எகிறினால், அடுத்த வாரம் தாவல்களைக் குறையுங்கள். பள்ளிக்கு வெளியே நடப்பதையும் இதில் சேர்க்க வேண்டும். வார இறுதியில் பரதநாட்டியமும் கற்கும் பிள்ளைக்கு அரைமண்டியும் பாலேயின் டர்ன்-அவுட்டும் (கால்களை இடுப்பிலிருந்து வெளிப்புறம் திருப்புவது) ஒரே இடுப்பு மூட்டில்தான் விழுகின்றன. வெறுங்காலால் கெட்டித் தரையில் தட்டுவது அதற்கு மேல். இரண்டு ஆசிரியர்களும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதே இல்லை என்பதுதான் வழக்கமான கோளாறு.

சாப்பாடு

பாலே பள்ளிகளில் மிக மோசமாகக் கையாளப்படும் விஷயம் இது. 2019இல் வியன்னா அரசு ஓபெராவின் பாலே அகாடமியை ஆராய்ந்த சிறப்புக் குழு, மாணவர்களை ஒல்லியாக இருக்கப் புகைபிடிக்கச் சொன்னதையும், பெயரோடு உடை அளவைச் சேர்த்துக் கூப்பிட்டதையும், மருத்துவக் கவனிப்பு போதாமல் இருந்ததையும் வெளியே கொண்டுவந்தது. பேர்பெற்ற பள்ளியிலேயே இது நடந்தது.

உடலுக்குள் நடப்பது இது. சாப்பிட்ட சக்தியிலிருந்து பயிற்சிக்குச் செலவானதைக் கழித்தால், மிச்சம்தான் இதயம், எலும்பு, ஹார்மோன், வளர்ச்சி எல்லாவற்றுக்கும். கொழுப்பு நீக்கிய உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு சுமார் 45 கலோரி மிஞ்சினால் நல்லது. 30க்குக் கீழே போனால் உடல் சில வேலைகளை நிறுத்தத் தொடங்கும். 48 கிலோ எடையுள்ள மாணவியின் கொழுப்பு நீக்கிய எடை 38 கிலோ என்று வையுங்கள். பயிற்சியில் 600 கலோரி செலவாகிறது. அவள் 1600 கலோரி சாப்பிட்டால் மிச்சம் 1000, கிலோவுக்கு 26தான். பார்வைக்கு ஒழுங்காகச் சாப்பிடுகிற பிள்ளையாகவே தெரிவாள். அவளுக்குத் தேவை 2300 கலோரிக்கும் மேல். இப்படிச் சக்தி பற்றாமல் வரும் சீர்குலைவைத்தான் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் ரெட்-எஸ் (RED-S, விளையாட்டில் சார்புச் சக்திப் பற்றாக்குறை) என்று பெயரிட்டது. ஆண் பிள்ளைகளுக்கும் இது வரும்.

இந்தக் கணக்கு உணவியல் நிபுணருக்கானது. மாணவர் கையில் கலோரிக் கணக்கைக் கொடுக்காதீர்கள். அவர்களுக்குத் தர வேண்டியது நேரமும் உணவும்: வகுப்புக்கு இரண்டு மணி நேரம் முன் வயிறாரச் சாப்பாடு, இடைவேளையில் வாழைப்பழமோ வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியோ, கடைசி வகுப்பு முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்த ஒன்று. 9 முதல் 18 வயது வரை நாளுக்கு 1300 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 200 மில்லி பாலில் சுமார் 240 மில்லிகிராம்தான் இருக்கிறது, ஆக ஒரு டம்ளர் பாலோடு கணக்கு முடியாது. தயிர், சீஸ், டோஃபு, கேழ்வரகு எல்லாம் உள்ளே வர வேண்டும். நாள் முழுக்க ஸ்டூடியோவுக்குள் இருப்பதால் வைட்டமின் டி குறைவு சகஜம். சைவப் பிள்ளைகளுக்கு உடலில் இரும்புச் சத்தின் இருப்பை ஃபெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள். சாப்பாட்டோடு டீ குடிப்பது இரும்பை உறிஞ்சவிடாது.

ஸ்டூடியோவில் எடைபார்க்கும் கருவி இருக்கக் கூடாது. எடை தெரிய வேண்டிய மருத்துவக் காரணம் இருந்தால் மருத்துவர் தனி அறையில் பார்க்கட்டும். எண் ஆசிரியருக்குப் போக வேண்டியதில்லை. "வயிற்றை உள்ளே இழு", "கொஞ்சம் இளைத்தால் உடலின் கோடு அழகாகத் தெரியும்" போன்ற பேச்சுக்குப் பதிலாக எந்தத் தசை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்: "விலா எலும்புகளை இடுப்புக்கு மேலே நேராக வை." திருத்தமும் துல்லியமாகிறது. இளைத்த பிள்ளையை "நன்றாக இருக்கிறாய்" என்று பாராட்டுவதும் அதே அளவு கெடுதல்.

மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய எல்லைகளை எழுதி வையுங்கள். 15 வயதாகியும் பூப்பெய்தவில்லை. மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை. ஒரே வருடத்தில் இரண்டாவது முறை எலும்பில் மயிரிழை விரிசல். சாப்பிட்டவுடன் கழிவறைக்குப் போகும் பழக்கம், முடி உதிர்தல், வெயிலிலும் கழற்றாத தொளதொள உடை. மயங்கி விழுந்தாலோ, விழித்து உட்கார்ந்திருக்கும்போது நாடித்துடிப்பு 50க்குக் கீழே இருந்தாலோ அன்றே பார்க்க வேண்டும். நடனப் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நிற்பது இயல்பு என்று சொல்லும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தவறு. ஈஸ்ட்ரோஜன் குறைந்த உடலில் எலும்பு கட்டப்படுவதில்லை. வாழ்நாளுக்கான எலும்பு வலு சேரும் வருடங்கள் இவைதான்.

உயரம் கூடும் மாதங்கள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலணி இல்லாமல், அதே நேரத்தில் உயரத்தை அளந்து குறியுங்கள். மூன்று மாதத்தில் 2 சென்டிமீட்டர் கூடியிருந்தால் வேக வளர்ச்சி தொடங்கிவிட்டது. பெண் பிள்ளைகளுக்கு 12 வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகளுக்கு 14ஐ ஒட்டியும் இது உச்சத்துக்கு வரும். எலும்பு முதலில் நீளும், தசை பின்னால் வரும். நேற்று வரை ஆடாமல் நின்ற பிருவெட் (ஒற்றைக் காலில் சுழல்வது) தள்ளாடும், காலைத் தூக்கும் உயரம் குறையும், முழங்காலுக்குக் கீழேயும் குதிகாலிலும் வலிக்கும். ஆசிரியர் இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டால் பிள்ளை இரட்டிப்பாகப் பயிற்சி செய்யும். காயம் அங்கே தொடங்கும்.

அந்த மாதங்களில் தாவல்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், கிராண்ட் பிளியேயையும் (முழங்காலை முழுதாக மடக்கி இறங்குவது) பலவந்த ஸ்ட்ரெட்சையும் விடுங்கள். பதிலாக இடுப்பு, வயிற்றுத் தசை வலு, கை அசைவு, இசை உணர்வு, தரையில் படுத்துச் செய்யும் பயிற்சி. "உன் உடல் வளர்கிறது, ஆறேழு மாதத்தில் சமநிலை திரும்பி வரும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பாலேயை விட்டு ஓடும் பிள்ளைகளில் பலர் இந்தக் கட்டத்தில்தான் ஓடுகிறார்கள்.

பாயிண்ட் ஷூ எப்போது

விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான, முனை கெட்டியான இந்தக் காலணி 12 வயதுக்கு முன் வேண்டாம். 12 ஆகிவிட்டது என்பதும் போதாது. வாரத்துக்கு ஒரு வகுப்பு மட்டும் வருபவருக்கும் வேண்டாம். மற்றவர்களுக்கு இவற்றைப் பாருங்கள்:

1. கால் நீட்டி உட்கார்ந்து பாதத்தை முழுதாக நீட்டச் சொல்லுங்கள். கணுக்காலின் முன்பக்கம் வைத்த பென்சில் கணைக்கால் எலும்போடு ஒரே நேர்கோட்டில் படிய வேண்டும்.
2. ஒற்றைக் காலில் நின்று, உடலை முன்னால் தரைக்கு இணையாகச் சாய்த்து, மற்றக் காலைப் பின்னால் நீட்டி, ஐந்து முறை பிளியே (முழங்காலை மடக்கி நிமிர்வது). நான்கு முறையாவது முழங்கால் உள்ளே சாயாமல், இடுப்பு சரியாமல் இருக்க வேண்டும்.
3. ஒற்றைக் காலில் 16 சோத்தே தாவல். குறைந்தது 8 தாவலில் உடல் நேராக, பாதம் நீண்டு, இறங்கும்போது விரலிலிருந்து குதிகாலுக்கு உருள வேண்டும்.
4. நான்காம் நிலையிலிருந்து (ஒரு பாதம் மற்றதற்கு முன்னால் இடைவெளி விட்டு நிற்பது) ஒரு சுத்தமான பிருவெட்.

பென்சில் சோதனையில் தேறாத பாதத்தோடு ஏறினால் எடை பின்னால் விழும். அதை ஈடுகட்ட விரல்கள் மடங்கும், குதிகாலுக்கு மேலே எலும்புகள் நெரிபடும். எதிர்ப்பக்கமும் ஆபத்து உண்டு: அளவுக்கு மீறி வளையும் பாதம் அழகாகத் தெரியும், ஆனால் ஷூவின் முனையைத் தாண்டி முன்னால் கவிழும். இந்தப் பிள்ளைக்குத்தான் வலுப்பயிற்சி அதிகம் தேவை.

தொடக்கத்தில் சுவரோரக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, இரண்டு காலிலும், வகுப்பின் முடிவில் 10 முதல் 15 நிமிடம் போதும். வளர்ந்தால் ஆகும் என்று ஒரு அளவு பெரிதாக ஷூ வாங்காதீர்கள். பாதம் உள்ளே சறுக்கி மொத்த எடையும் பெருவிரலில் இறங்கும். முனை மெத்தென்று ஆனாலோ அடித்தண்டு (உள்ளங்காலைத் தாங்கும் கெட்டிப் பட்டை) முறுக்கினாலோ அந்த ஷூ முடிந்தது. வகுப்பு முடிந்ததும் காற்றில் உலர்த்த வேண்டும், பிளாஸ்டிக் பையில் அடைக்கக் கூடாது. நகத்தை நேராக வெட்டுங்கள். கொப்புளத்தின் தோலை உரிக்காதீர்கள்.

டர்ன்-அவுட் பற்றியும் இங்கேயே. மல்லாந்து படுத்து, இடுப்பிலிருந்து மட்டும் காலைத் திருப்பும்போது கிடைக்கும் கோணம்தான் அந்தப் பிள்ளையின் அளவு. டெமி பிளியேயில் (முழங்காலைப் பாதி மடக்கி) பாதத்தை 180 பாகைக்கு வைத்துக்கொண்டு முழங்காலை நிமிர்த்தினால் முழங்கால் முறுக்கேறும், பாதத்தின் உள்வளைவு தரையில் சாயும்.

வலி வரும்போது

தசைக் களைப்பு வலி இரண்டு நாளில் போய்விடும். இரவில் எழுப்பும் வலி, நடையை மாற்றும் வலி, ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய எலும்பு வலி மூன்றுக்கும் அன்றே நிறுத்தம். இரண்டாம் விரலுக்கு நேரே பாதத்தின் நடுவில் அப்படி வலித்தால் மெட்டாடார்சல் எலும்பின் அடியில் மயிரிழை விரிசலைச் சந்தேகியுங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். "எக்ஸ்-ரே சரியாக இருக்கிறது" என்று திரும்பி ஆடவிட்டால் விரிசல் முறிவாகும். எம்.ஆர்.ஐ. கேளுங்கள்.

கணுக்காலின் உட்புறம் பின்னால் வலித்து, பெருவிரலை மடக்கும்போது இழுத்துப் பிடித்தால், அது பெருவிரலை மடக்கும் தசைநாணின் அழற்சி. இதைக் குதிகால் தசைநாண் வலி என்று நினைத்து ஸ்ட்ரெட்ச் செய்வார்கள், கூடிவிடும். பின்னால் வளையும்போது கீழ்முதுகு வலி மூன்று வாரம் தொடர்ந்தால், அராபெஸ்க் (ஒற்றைக் காலில் நின்று மற்றதைப் பின்னால் தூக்குவது) நிறுத்தி முதுகெலும்பைப் பார்க்கச் சொல்லுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு வகுப்புக்கு வருவதை அனுமதிக்காதீர்கள்.

கணுக்கால் பிசகினால் நான்கு அடி வைத்து நடக்க முடியாவிட்டாலோ, கணு எலும்பின் பின்விளிம்பிலோ சுண்டுவிரல் பக்க எலும்பின் அடியிலோ அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்-ரே. திரும்பும் வரிசை: கம்பியில் இருகால் பயிற்சி, ஒற்றைக் காலில் 20 முறை குதிகால் தூக்கல், இருகால் தாவல், ஒருகால் தாவல், கடைசியில்தான் பாயிண்ட். ஒவ்வொரு படிக்கும் மறுநாள் வீக்கம் இல்லை என்பது உறுதியாக வேண்டும். தலையில் அடிபட்டால் அன்று எந்தக் காரணத்துக்காகவும் திரும்ப ஆடக் கூடாது.

காயம்பட்ட மாணவரை நாள் முழுக்க ஓரத்தில் உட்கார்ந்து வகுப்பைப் பார்க்கவைப்பது தண்டனைதான். ஒரு வகுப்பு பார்க்கட்டும். மற்ற நேரத்தில் பிசியோதெரபி, தரைப் பயிற்சி, மேல் உடல் வலு என்று அவருக்கென ஓர் அட்டவணை கொடுங்கள்.

ஸ்டூடியோவில்

தொட்டுத் திருத்தும் முன் கேளுங்கள். தனி வகுப்பின் கதவு திறந்திருக்கட்டும். யாருக்கு எந்த வேடம் என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டாமல் தனித்தனியாகச் சொல்லுங்கள். உடை அளவெடுப்பது திரைக்குப் பின்னால். ஆசிரியரின் அனுமதி இல்லாமலே மாணவர் சென்று பேசக்கூடிய ஆலோசகர் ஒருவர் வேண்டும். சாப்பாட்டுப் பிரச்சினை என்று சந்தேகம் வந்தால், சக மாணவர் முன்னால் கேட்காமல், நலப் பொறுப்பாளர் தனியாகப் பேச வேண்டும்: "சில வாரமாக நீ களைத்துத் தெரிகிறாய், உன்னைப் பற்றிக் கவலையாக இருக்கிறது." எடையையோ தட்டில் இருப்பதையோ எடுத்த எடுப்பில் பேச வேண்டாம். தரை விஷயத்தில் ஒன்று மட்டும்: கான்கிரீட்டின் மேல் நேரடியாக வினைல் விரித்தால் போதாது, அடியில் மீள்தன்மை உள்ள மரத்தளம் வேண்டும்.

விடுமுறைக்குப் பின்

காயங்கள் குவியும் காலம் இது. ஐந்தாறு வாரம் ஓய்ந்த உடலை முதல் நாளே பழைய அட்டவணையில் விடாதீர்கள். முதல் வாரம் கம்பிப் பயிற்சியும் தரைப் பயிற்சியும், தாவல் இருகாலில் மட்டும், பாயிண்ட் இல்லை. இரண்டாம் வாரம் சிறு தாவல்கள் ஒருகாலிலும், பாயிண்ட் கம்பியில் 15 நிமிடமும். பெரிய தாவல், தூக்கல், நடு மேடையில் பாயிண்ட் எல்லாம் மூன்றாம் வாரம் தொடங்கட்டும். முதல் வாரத்திலேயே எல்லோருடைய உயரத்தையும் அளந்துவிடுங்கள். விடுமுறையில் வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு இந்த மூன்று வாரம் ஐந்தாக நீளும்.