ஆய்வு மென்பொருள் வட்டம் தொடங்க: யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து ஒரு வழி

ஆய்வு மாணவர்கள் கூடி நிரலாக்கம் கற்கும் வட்டம் ஒன்றைத் தொடங்க விரும்பினால் மண்டபம் தேடாதீர்கள். அவர்கள் கையிலுள்ள தரவைத் தேடுங்கள். நான் குடாநாட்டுக் கிணற்று நீரிலிருந்தே தொடங்குவேன். ஒருவர் நைத்திரேற்று அளவைப் பதிந்திருப்பார், இன்னொருவர் அதிலுள்ள நைதரசனை மட்டும். பின்னதை 4.43 ஆல் பெருக்காமல் சேர்த்தால், லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன எல்லையைத் தாண்டிய கிணறும் நல்ல கிணறாகத் தெரியும். இதைப் பைத்தான் நிரல்மொழியில் சில வரிகளில் திருத்திக் காட்டுங்கள். யாரும் கொட்டாவி விடமாட்டார்கள்.

வகுப்பு நடத்தும் முறைக்கு ஆப்பிரிக்காவைப் பாருங்கள். எச்3ஏபயோநெட் என்ற ஆப்பிரிக்க ஆய்வு வலையமைப்பு 2016இல் தொடங்கிய உயிர்த்தகவலியல் (உயிரியல் தரவைக் கணினியால் ஆராயும் துறை) பாடநெறி, பல நாட்டு வகுப்பறைகளில் ஒரே காலத்தில் நடந்தது. விரிவுரைகள் முன்பே பதிவானவை; பக்கத்தில் நின்று உதவியவர்கள் உள்ளூர்க்காரர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்துக்கும் இது அப்படியே பொருந்தும்: காணொளியைப் பென்டிரைவில் அனுப்புங்கள், உதவியாளரை அங்கேயே தேர்ந்தெடுங்கள்.

மடிக்கணினி மூடியில் ஒட்ட இரு நிற ஒட்டுத்தாள்கள் கொடுங்கள்: முடித்தவருக்குப் பச்சை, சிக்கியவருக்குச் சிவப்பு. கூச்சத்தால் கை உயர்த்தாத பிள்ளைகளை இதுதான் காப்பாற்றும்.

கற்றவர்களையே அடுத்த வகுப்பில் உதவியாளராக்குங்கள். நிரல் எழுதியவரின் பெயரை நன்றியுரையில் ஒதுக்காமல், கட்டுரையாசிரியர் வரிசையில் சேர்க்கும்படி மேற்பார்வையாளரிடம் விடாமல் கேளுங்கள்.